காப்பிக்குப் பத்து அருள் நிறைந்த மரியே

எங்கள் வீட்டில் காப்பி ஊற நான்கு நிமிடம் ஆகாது. பத்து ‘அருள் நிறைந்த மரியே’ ஆகும். ஜெபமாலையில் ஒரு பெரிய மணிக்குப் பிறகு வரிசையாகப் பத்துச் சின்ன மணிகள் வருமே, அந்தப் பத்து. வார்த்தைகளை விழுங்காமல், ஓடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காக ‘ஆமென்’ போட்டு முடித்தால் கண்ணாடிக் குடுவையில் காப்பி பதமாக ஊறியிருக்கும். இதைக் கண்டுபிடித்தவள் என் அத்தை. எண்ணியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. என்னை விட்டால் இந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது என்ற நினைப்பு.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணமாகிக் கடலூரில் இருந்தவள், அந்த ஆண்டு தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால், ஒரே ஒரு கைப்பையோடு நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. பஸ்ஸில் விழுந்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னார்கள். எங்கள் அம்மா பஸ்ஸில் விழுந்திருந்தால் டிரைவரின் ஏழு தலைமுறையும் தெருவுக்கு வந்திருக்கும். அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளுடைய செல்போன் அணைந்தே கிடந்தது, கைக்குட்டையில் சுற்றிப் பைக்கு அடியில். கெட்டுப்போச்சு என்றாள். சரி, கெட்டுப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் படுத்துக்கொள்ள ஆள் கிடைத்தது, மண்டையில் குட்டாமல் தலை பின்னிவிட ஆள் கிடைத்தது. எனக்கு அது போதும்.

அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் முட்டைக்கடை. கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சுத் தெருக்கள் இருக்கும் ஒயிட் டவுனில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு வாரம் இருமுறை முட்டை கொண்டுபோய்ப் போடுவார். அங்கே அறை பெருக்கும் பெண் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் ஈஸ்டருக்குத் திரும்பும் வரைக்கும் அத்தையை அந்த வேலையில் சேர்த்துவிட்டார். அந்த வீட்டுக்காரியை எல்லாரும் மதாம் என்றுதான் சொல்வார்கள். நம் ஊர்த் தமிழச்சிதான், அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் பேச்சில் பாதி பிரெஞ்சு. மதாமுக்கு அப்போது ஒரு பெரிய தலைவலி. சமையல்காரி மகளோடு பிரான்சுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த இரண்டு பேர் போட்ட காப்பியை விருந்தாளிகள் பாதிக் கோப்பையோடு வைத்துவிட்டு வெளியே போய்க் குடித்தார்கள். பிரெஞ்சு பிரெஸ் என்ற காப்பிக் குடுவையில் ஒழுங்காகக் காப்பி போடத் தெரிந்தால் சமையலறை உனக்கு, மாடியில் பின்பக்க ரூமும் உனக்கு என்று மதாம் அத்தையிடம் சொல்லிவிட்டார். பழகிக்கொள்ள ஒரு பழைய பிரெஸ்ஸையும் கொடுத்து அனுப்பினார்.

அதைப் பார்த்ததும் அப்பா சைக்கிள் பம்பு என்று பெயர் வைத்தார். பார்க்க அப்படித்தான் இருந்தது. உயரமான கண்ணாடிக் குடுவை. மூடியின் நடுவில் ஒரு கம்பி. கம்பியின் அடியில் வட்டமாக ஒரு வலைத்தட்டு. தூளையும் வெந்நீரையும் உள்ளே விட்டு ஊறவைத்து, கம்பியைக் கையால் அமுக்கினால் வலை கீழே இறங்கும். தூள் அடியில் தங்கும், காப்பி மேலே நிற்கும். அவ்வளவுதான் வித்தை. ஃபில்டரில் டிகாஷன் இறக்கிப் பழகிய அம்மாவுக்கு இது காப்பியை அடித்து வாக்குமூலம் வாங்குவது மாதிரித் தோன்றியது.

முதல் நாள் அத்தை எங்கள் வீட்டு ஃபில்டர் தூளையே போட்டாள். மாவு மாதிரி அரைத்த தூள், சிக்கரி வேறு. ஊறியதும் கம்பியை இடது கையால் அமுக்கினாள். பாதியில் நின்றுவிட்டது. கொஞ்சம் பலமாக அமுக்கினாள். அசையவில்லை. உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து ஒரே அமுக்கு அமுக்கினாள், பாருங்கள், காப்பி ஓரமாக எழும்பிச் சுவரில் அடித்தது. திரு இருதய ஆண்டவர் காலண்டர் முழுக்கப் பழுப்பு. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

“அளவு தெரியாம காத்தடிச்சா டியூப் வெடிக்கத்தான செய்யும்” என்றார் அப்பா, பனியனைப் பிழிந்தபடி.

அத்தை சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. வலைத்தட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “கண்ணு பெருசா இருக்கு, தூளு சின்னதா இருக்கு. அதான் அடைக்குது” என்றாள். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டில் காப்பித்தூள் கடைக்குப் போனாள். சிக்கரி வேண்டாம், ரவை மாதிரி உடைத்துக் கொடுங்கள் என்றாள். கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“ரவையாட்டமா? உப்புமா கிண்டப் போறியாம்மா?”

“கிண்டுனா ஒங்களுக்கும் ஒரு பிளேட் தரேன். நீங்க ஒடச்சுக் குடுங்க” என்றாள் அத்தை. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் கேலி பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

இங்கேதான் நான் இன்றும் நினைத்து வியக்கிற சங்கதி வருகிறது. தவக்காலத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றை விடுவது வழக்கம். அப்பா பீடியை விட்டார். அம்மா கறியை விட்டாள். நான் பாகற்காயை விடுகிறேன் என்றேன். அம்மா அதை ஒப்புக்கொள்ளாமல் டிவியை விடவைத்தாள். அத்தையோ, பிரெஸ் கைக்கு வருவதற்கு முன்பே, சாம்பல் புதன் அன்றே காப்பியை விட்டிருந்தாள். ஆக, காப்பி போட்டுத் தேறவேண்டியவள் காப்பியை வாயில் வைக்க முடியாது.

“ஆபத்துக்குப் பாவமில்ல. ஒரு வாய் குடிச்சுப் பாரு, ஆண்டவர் ஒண்ணும் சொல்லமாட்டாரு” என்றாள் அம்மா.

“அவருக்கு முன்னாடி நின்னு குடுத்த வாக்குல ஒண்ணையாவது நான் காப்பாத்தணும் அண்ணி” என்றாள் அத்தை. காப்பிக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாயால் முடியாததை அவள் கண்ணாலும் மூக்காலும் செய்தாள். தினமும் காலையில் அப்பாவுக்கு ஒரு கப், அம்மாவுக்கு ஒரு கப், எனக்கு ஒரு ஸ்பூன். எப்படி இருக்கிறது என்று கேட்கவே மாட்டாள். கேட்டால் உறவுக்காக நல்லா இருக்கு என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எதிரில் உட்கார்ந்து நாங்கள் குடிப்பதைப் பார்ப்பாள். அப்பாவின் புருவம் எந்த வாய்க்கு ஏறுகிறது, அம்மா எங்கே கப்பை வைக்கிறாள், மிச்சம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. முதல் வாரம் அம்மா கழனித்தண்ணி என்று மூஞ்சியைச் சுளித்தாள்; மறுநாள் ஒரு ஸ்பூன் தூள் ஏறியது. வெந்நீர் தளதளவென்று கொதிக்கும்போதே ஊற்றினால் கசக்கிறது என்று கண்டுபிடித்து, அடுப்பை அணைத்துக் குமிழி அடங்கும் வரை காத்திருந்தாள். குடுவை சில்லென்று இருந்தால் காப்பி சப்பென்று ஆகிறது என்று முதலில் வெந்நீர் விட்டு அதைக் கழுவிக் கொட்டினாள். அப்பா ஒரு நாள் சொட்டு விடாமல் கவிழ்த்துக் குடித்துவிட்டு, பல்லில் சிக்கிய தூளை நறநறவென்று கடித்தார். அன்றிலிருந்து கடைசி ஒரு விரல் அளவைக் குடுவையிலேயே விட்டுவிட்டாள். இப்படி ஒவ்வொன்றும் எங்கள் முகத்திலிருந்து அவள் எடுத்துக்கொண்டது. சொந்த நாக்கால் ஒரு சொட்டுக்கூட ருசி பார்க்காமல் காப்பி கற்றுக்கொண்ட ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நேரம்தான் மிச்சம். எங்கள் சமையலறையில் கடிகாரம் கிடையாது, அத்தையின் போனோ கெட்டுப்போன போன். கூடத்துக்குப் போய்ப் பார்த்து வருவதற்குள் ஒரு நிமிடம் கூடக்குறைய ஆகிவிடும். அப்போதுதான் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “பாப்பா, பத்து அருள் நிறைந்த சொல்லு. அவசரப்படாம சொல்லணும். விரல மடக்கிக்கோ” என்றாள். நான் பத்து விரலையும் மடக்கி முடித்ததும் கம்பியை அமுக்கினாள். அன்று அப்பா கப்பைக் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று குடுவைக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “ஜெபத்த வெச்சா காப்பி போடுவாங்க?” என்றாள்.

“மாதாவும் அடுப்பு ஊதுனவங்கதான அண்ணி. கோச்சுக்க மாட்டாங்க” என்றாள் அத்தை.

அதிலிருந்து நான்தான் கடிகாரம். பள்ளிக்கூடம் போகுமுன் சீருடையோடு அடுப்பங்கரையில் நின்று பத்தும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். அத்தை குடுவையை விட்டுக் கண்ணெடுக்காமல் நிற்பாள். மேலே தடித்த நுரை ஆடை கட்டும், மெல்ல உடையும், தூள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். ஒரே ஒரு நாள் ஜன்னலில் அணில் வந்து என் எண்ணிக்கை குழம்பிப்போனது. ஐந்தோ ஆறோ கூடுதலாகச் சொல்லிவிட்டேன். அன்று அவளும் எங்கோ நினைவாக இருந்தாள் போலிருக்கிறது, அமுக்கவில்லை. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, வேப்பிலைக் கஷாயம் எதற்கு என்று கேட்டார். நேரம் தாண்டினால் காப்பி கசந்துவிடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொண்டதுதான் வினை.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து புழக்கடையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மா அப்பாவிடம், “நாளைக்கு மதாம் குடிச்சுப் பாக்குறாங்களாம். வேல கெடச்சா அங்கயே ரூம்ல தங்கிக்கட்டும்” என்றாள். அத்தை போய்விடுவாளா? அப்படியே கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன். அடுத்த வாக்கியத்தைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை. அது என்னவென்று அம்மா எனக்குப் பல வருஷம் கழித்துச் சொன்னாள். “கெடைக்கலன்னா ஈஸ்டர் முடிஞ்சதும் கொண்டுபோய் வுட்டுதான் ஆவணும். அவங்க ஊட்டு ஆளுங்க ரெண்டு வாட்டி வந்துட்டாங்க” என்று அப்பா சொன்னாராம். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் புருஷன் வீட்டார் பங்குச் சாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டால், அண்ணன்காரன் எத்தனை நாள் வாசலில் நின்று பதில் சொல்ல முடியும்? சொந்த வேலையும் தங்க இடமும் இருக்கிறவளை யாரும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் விட முடியாது. அத்தைக்கு அந்தக் காப்பி அவ்வளவு பெரியது.

எனக்கோ பாதி வாக்கியம்தான் தெரியும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழுசாக ஒரு திட்டம் போட்டேன். இரண்டு ஜெபத்துக்கு ஒரு விரல் மடக்குவது. பத்து விரல் மடங்கும்போது இருபது ஆகியிருக்கும். காப்பி கஷாயமாகிவிடும். மதாம் துப்பிவிடுவார். அத்தை என் பக்கத்திலேயே படுத்துக்கொள்வாள். இதில் பாவம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கூடுதலாகத்தானே ஜெபம் சொல்கிறேன்!

சனிக்கிழமை காலை, “அத்தைக்குத் தொணையா நீயும் போ” என்று அம்மா என்னை அனுப்பினாள். ஏழு மணி வெயிலுக்கே அத்தை துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டாள். ஆட்டோவில் நடுவில் நெருங்கி உட்கார்ந்து, நின்ற இடத்திலெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மதாமின் சமையலறை எங்கள் வீட்டுக் கூடத்தைவிடப் பெரியது. ஃப்ரிட்ஜுக்கு மேலே ஒரு பெரிய வட்டக் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் மதாம் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடியோடு.

“போன்ழூர் பாப்பா. நீ எதுக்கு வந்திருக்க?”

“நான்தான் ஜெபம் சொல்லணும்” என்றேன்.

“காப்பி நல்லா இருந்தா ஜெபம் எதுக்கு?” என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. குடுவையை வெந்நீரால் கழுவினாள். தூளைப் போட்டாள். குமிழி அடங்கக் காத்திருந்து நீரை ஊற்றி, ஒரு சுற்றுக் கலக்கி மூடியை வைத்தாள். மணிக்கட்டில் அன்று கட்டு இல்லை. வலது கையைக் கம்பியின் குமிழ்மேல் வைத்துக்கொண்டு, “ஆரம்பி பாப்பா” என்றாள்.

ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு; ஒரு விரல். மூன்று, நான்கு, இன்னொரு விரல். அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஒன்பது, பத்து. ஐந்தாவது விரலை மடக்கி ஒரு கை முடிந்தது. நிமிர்ந்தால், அத்தை கம்பியை அமுக்கிக்கொண்டிருந்தாள். மெதுவாக, ஒரே சீராக.

“அத்த! இன்னும் அஞ்சு வெரல் இருக்கு!” என்று பதறி, மடக்காத கையை விரித்துக் காட்டினேன்.

அவள் குடுவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இருக்கட்டும். அந்த அஞ்சையும் எனக்காக சொல்லு பாப்பா” என்றாள்.

மதாம் முதல் வாய் குடித்தார். கோப்பையை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே போகன்வில்லாவைப் பார்த்தார். மறுபடி எடுத்தார். அத்தை அவருடைய புருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்பாவைப் பார்ப்பது போலவே. கோப்பை காலியானதும் மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியைப் பார்த்தார். மண்டி இல்லை. கோப்பையை அத்தை பக்கம் தள்ளினார்.

“இன்னொண்ணு ஊத்து” என்றார். அதையும் பாதி குடித்த பிறகுதான், “திங்கக்கிழம ஆறு மணிக்கு வந்துடு. நீயும் ஒரு கப் குடியேன்” என்றார்.

“ஈஸ்டருக்குக் குடிக்கிறேன் மதாம்” என்றாள் அத்தை. பிறகு வலைத்தட்டைக் கழற்றி, குழாயடியில் நிதானமாகக் கழுவித் துடைத்து வைத்தாள். அன்று நான் அவள்மேல் கொலைக்கோபத்தில் இருந்தேன். இன்று அந்த முதுகை நினைத்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

இப்போது அந்தச் சமையலறை முழுக்க அவள் ராஜ்யம். அவளிடம் வேலை செய்பவர்கள் இரண்டு பேர். தூள் வாங்குவது மட்டும் இன்றும் அவளேதான். போன ஈஸ்டருக்கு அங்கே போயிருந்தபோது எங்கள் இருவருக்கும் காப்பி போட்டாள். அப்போதுதான் என் பழைய பாவத்தை ஒப்புக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எனக்குத் தெரியாதா? நுரை ஒடையறதப் பாத்தாலே தெரியும். அதோட எதுருல சொவத்துல அவ்ளோ பெரிய கடிகாரம் இருந்துச்சே, நீ பாக்கவே இல்லியா?”

“பின்ன என்ன ஏன் எண்ணச் சொன்ன? நுரையே போதும்னா ஊட்லயும் ஏன் தெனம் சொன்ன?”

சிரிப்பு நின்றது. துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள். “அந்த ஒரு மாசமும் எனக்கு ஜெபமே வரல பாப்பா. வாயத் தொறந்தா பாதில நின்னுடும். யாராவது எனக்காக தெனம் சொன்னா தேவலன்னு இருந்துச்சு. ஒன்கிட்ட வேற எப்படிக் கேக்குறது?”

அந்த ஐந்தை நான் அன்று சொல்லவில்லை. கோபத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பாதி வழியில் அத்தை பையிலிருந்து போனை எடுத்துக் கைக்குட்டையைப் பிரித்து அதை உயிர்ப்பித்தாள். உடனே மணி அடித்தது. காதில் வைத்து, “நான் வரல” என்று இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாள். போன் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். சரியாகிவிட்டது என்றாள். பிறகு, நான் இன்னும் மடக்காமல் விறைப்பாக விரித்தே வைத்திருந்த அந்தக் கையைத் தன் வலது கையால் பிடித்துக்கொண்டாள். நெல்லித்தோப்பு வரும் வரை விடவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறவள் என் விரலை ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. வலிக்கிறது அத்தை, விடு என்றேன்.